ஆரணிப் பட்டும் ஏழையின் எலும்பும்!

மயிலாப்பூரிலே ஒரு கதை சொல்வார்கள். பாம்பு தீண்டி மாண்ட பெண்ணின் எலும்பையும் சாம்பலையும் அவள் தந்தை குடத்திலே இட்டுக் காத்து வந்தாராம். சம்பந்தர் வந்தாராம், பதிகம் பாடினாராம், குடம் உடைந்ததாம், பூம்பாவை எழுந்து நின்றாளாம்! வடநாட்டார் சொல்லும் கதை வேறு. ததீசி என்று ஒரு முனிவர். அவருடைய முதுகெலும்பைக் கேட்டு வாங்கி, அதிலே வச்சிராயுதம் செய்துகொண்டானாம் இந்திரன்.

இரண்டு கதைகளிலும் ஒன்றைக் கவனியுங்கள், தோழர்களே! ஒன்றிலே எலும்பால் பயன் பெற்றது பெருவணிகர் வீட்டுப் பெண். மற்றொன்றிலே பயன் பெற்றவன் தேவர்களின் தலைவன். தறிக்குழியில் கால் தொங்கவிட்டவனுக்கும், நெல் மூட்டை தூக்கி முதுகு வளைந்தவனுக்கும் எலும்பு வளர்த்துக் கொடுத்ததாக ஒரு புராணம் உண்டா? நாம் படித்ததில்லை. உங்கள் ஊர்க் கதாகாலட்சேபத்திலும் கேட்டிருக்க மாட்டீர்கள்!

கதையைக் கதை சொல்கிறவர்களிடமே விட்டுவிடுவோம். இன்று உண்மையாகவே எலும்பை வளர்க்க முயல்கிறார்கள். மந்திரத்தால் அல்ல, மதியால்! குடத்திலே அல்ல, ஆய்வுக்கூடத்திலே! அதிலும் ஒரு புதுமை: எலும்பு வளர்வதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று, நம் ஆரணித் தெருக்களில் அன்றாடம் கையில் புரளும் பட்டு!

பட்டுக்கும் எலும்புக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். சொல்லுகிறோம். அதற்கு முன், எலும்பு எப்படிப்பட்டது என்று பார்த்துவிடுவோம்.

எலும்பு என்றால் கல் என்று நினைக்கிறோம். 'எலும்பும் தோலுமாய்' என்று பேசும்போதுகூட, அதை உயிரற்ற கட்டையாகவே எண்ணுகிறோம். எலும்பு உயிருள்ளது, தோழர்களே! உள்ளே குருதி ஓடுகிறது. பழைய எலும்பைத் தின்று கரைக்கும் அணுக்கள் ஒரு பக்கம், புதிய எலும்பைக் கட்டும் அணுக்கள் மறுபக்கம். இரவும் பகலும் அங்கே வேலை நடக்கிறது. வளர்ந்த மனிதனின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. வேலை நிறுத்தம் இல்லை, விடுமுறை இல்லை, கூலியும் இல்லை!

அதனால்தான் முறிந்த கை கூடுகிறது. அசையாமல் கட்டிப்போட்டால், உடம்பே மற்றதைப் பார்த்துக்கொள்கிறது. நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் 'புத்தூர் கட்டு' என்று பலகை தொங்குகிறதே, அந்தக் கைவைத்தியம் பலருக்குப் பலித்ததற்குக் காரணம் மூலிகையைவிட, எலும்புக்கு இயல்பாகவே இருக்கும் இந்த ஆற்றல்தான். கட்டுப் போட்டவரை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மூங்கில் தப்பைக்கு ஓர் எல்லை உண்டு. எலும்பு முறிந்தால் கூடும், எலும்பே போய்விட்டால்?

ஆரணி சாலையிலே நள்ளிரவில் லாரி மோதி, காலெலும்பின் ஒரு துண்டு நொறுங்கிச் சிதறிவிடுகிறது. அல்லது காயத்தில் சீழ் பிடித்து, எலும்பு அழுகி, மருத்துவர் அதை வெட்டி எடுக்க நேர்கிறது. அல்லது புகையிலையும் பாக்கும் தின்ற வாயிலே புற்று வந்து, தாடை எலும்பையே அகற்ற வேண்டியிருக்கிறது. இரண்டு முனைகளுக்கும் நடுவே சில அங்குலம் வெற்றிடம்! அந்த இடைவெளியைத் தாண்ட எலும்பால் முடிவதில்லை. பாவு அறுந்தால் முடிச்சுப் போடலாம். பாவிலே ஒரு முழம் காணாமற் போனால் எதைக்கொண்டு முடிச்சுப் போடுவது?

இதற்கு மருத்துவர்கள் நெடுங்காலமாகச் செய்து வருவது, இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து கொஞ்சம் வெட்டி எடுத்துக் காலிலே வைப்பது. நல்ல முறைதான், இன்றும் அதற்குத்தான் முதலிடம். ஆனால் ஒரு புண்ணை ஆற்ற இன்னொரு புண். வலி நீண்ட நாள் இருக்கும். இடுப்பிலே அள்ளி எடுக்க அப்படியென்ன சுரங்கமா இருக்கிறது? சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசாரோவ் என்ற மருத்துவர் 1950-களில் வளையமும் கம்பியும் பூட்டி, எலும்பை வெட்டி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இழுத்தே வளர வைத்தார். போரிலே கால் சிதைந்து வந்தவர்கள் அந்த வளையத்தோடு நடந்தார்கள். நம் நாட்டு மருத்துவமனைகளிலும் அந்த முறை உண்டு. ஆனால் வளையத்தோடு மாதக் கணக்கில் கிடக்க வேண்டும். ஒரு வாரம் தறி ஓடாவிட்டால் அடுப்பு எரியாத வீட்டிலே, எட்டு மாதம் கிடப்பது எப்படி?

ஆகவேதான் வேறு வழி தேடினார்கள்.

மாஸ்கோவில், கமாலேயா ஆய்வு நிறுவனத்தில், பிரீடென்ஸ்டைன் என்ற அறிஞர் 1960-களில் ஓர் உண்மையைக் காட்டினார்: எலும்புக்குள்ளே இருக்கும் மஜ்ஜையில், இரத்தம் உண்டாக்கும் அணுக்கள் மட்டும் இல்லை, எலும்பையே உண்டாக்கக் கூடிய அணுக்களும் இருக்கின்றன! மிகச் சில. பல்லாயிரத்தில் ஒன்று. அவற்றைப் பிரித்தெடுத்து, ஊட்டம் கொடுத்துப் பெருக்கினால் எலும்பாகலாம், குருத்தெலும்பாகலாம், கொழுப்பாகலாம். வாழையின் பக்கக் கன்று போல. ஸ்டெம் செல் என்பது இதுதான். குருத்தணு என்று நம் மொழியில் சொல்லிக்கொள்வோமே!

அணு கிடைத்துவிட்டது. ஆனால் அதை வெறும் குழியிலே கொட்டினால் ஓடிவிடும். நிற்க இடம் வேண்டும், பற்ற பிடி வேண்டும். கொத்தனார் தோழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாடிச் சுவர் எழுப்ப என்ன செய்கிறீர்கள்? சவுக்குக் கழி நட்டு, கயிறு கட்டி, சாரம் போடுகிறீர்கள். சுவர் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுகிறீர்கள். அதே வேலைதான் இங்கும்! எலும்பு போன இடத்தில் நுண்ணிய துளைகள் நிறைந்த ஒரு சாரத்தை வைக்கிறார்கள். அதன் மீது குருத்தணுக்கள் ஏறி உட்காருகின்றன, எலும்பைக் கட்டுகின்றன, துளை வழியே குருதிக் குழாய் நுழைகிறது. எலும்பு எழ எழ, சாரம் கரைய வேண்டும். சீக்கிரம் கரைந்தால் சுவர் சரியும். கரையாமலே கிடந்தால் சுவருக்குள் கழி சிக்கிக்கொண்ட கதை! இந்தப் பக்குவத்தைப் பிடிப்பதற்குத்தான் இத்தனை ஆண்டு ஆராய்ச்சி.

2001-ஆம் ஆண்டிலே இத்தாலி, ரஷ்ய மருத்துவர்கள் மூன்று நோயாளிகளின் செய்தியை வெளியிட்டார்கள். கை, கால் எலும்பில் 4 முதல் 7 சென்டிமீட்டர் வரை இழந்தவர்கள். அவர்களது மஜ்ஜை அணுக்களையே வளர்த்து, எலும்பின் தாதுவை ஒத்த பீங்கான் சாரத்தில் ஏற்றி வைத்தார்கள். எலும்பு கூடியது. கேரளத்துத் திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார், தாங்களே செய்த பீங்கான் சாரத்தில் குருத்தணுக்களை ஏற்றி, ஆட்டின் தொடை எலும்பில் வைத்துப் பார்த்து, 2009-இல் முடிவுகளை அறிவித்தார்கள். எங்கோ இல்லை, பக்கத்து மாநிலத்தில்!

பீங்கான் எலும்போடு நன்றாக ஒட்டும். ஆனால் நொறுங்கும், எளிதில் கரையாது. இங்கேதான் நம் பட்டு மேடைக்கு வருகிறது.

ஆரணித் தோழர்களே, கச்சாப் பட்டு நூலை என்ன செய்கிறீர்கள்? சோடாவும் சோப்பும் போட்ட கொதிநீரிலே வேகவைக்கிறீர்கள். வேகாத நூல் சாயம் ஏற்காது, மினுங்காது, முரடாக இருக்கும். ஒரு கிலோ நூலை வேகவைத்தால் ஏறத்தாழ முக்கால் கிலோதான் திரும்பி வரும். அந்தக் கால் கிலோவுக்காக எத்தனை தகராறு! அந்தக் கால் கிலோ எங்கே போனது தெரியுமா? பட்டுப்புழு தன் இழையின்மீது பூசிய பசை அது. செரிசின் என்று பெயர். பசை போனபின் எஞ்சும் இழை ஃபைப்ராயின் என்ற புரதம்.

ஆய்வுக்கூடத்திலும் முதல் வேலை இதேதான்! பட்டுக்கூட்டை நறுக்கி, சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். பட்டம் பெற்ற பேராசிரியர் செய்வதும், பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்ட நம் சாயக்காரர் செய்வதும் முதற்படியில் ஒரே தொழில்! பிறகு அவர்கள் வழி பிரிகிறது. இழையை லித்தியம் புரோமைடு என்ற உப்புக் கரைசலில் கரைத்து, அந்த உப்பை நீக்கி, தெளிந்த பட்டுநீர் ஆக்குகிறார்கள். அதிலே சாப்பாட்டு உப்பின் பரல்களைத் தூவி இறுக விடுகிறார்கள். இறுகியதைத் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பு கரைந்து போகும். உப்பு இருந்த இடமெல்லாம் துளையாகும். கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் துளைகள். பஞ்சு போன்ற பட்டுச் சாரம் தயார்!

அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பட்டு நூலால் தையல் போட்டு வந்திருக்கிறார்கள். அதனால் மனித உடம்புக்குப் பட்டு அந்நியமல்ல. பசையைச் சரியாக நீக்கினால் உடல் அதை ஏற்கிறது. நாளடைவில் உடம்பின் நொதிகளே அதைக் கரைக்கின்றன. எத்தனை மாதத்தில் கரைய வேண்டும் என்பதைத் தயாரிக்கும் விதத்தால் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கேப்லன் இதிலே நெடுங்காலம் உழைத்தவர். இந்தியாவிலே, புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அனுயா நிசால் என்ற பெண் அறிஞரின் ஆராய்ச்சியிலிருந்து செரிஜென் என்ற நிறுவனம் பிறந்து, எலும்புக் குழியை நிரப்பும் பட்டுப் பொருளை உருவாக்கியது. குவாஹாத்தி ஐ.ஐ.டி.யில் பிமன் மண்டல் குழுவினர், அஸ்ஸாம் நாட்டு முகாப் பட்டையும் சேர்த்து ஆராய்கிறார்கள். அந்தக் காட்டுப் பட்டிலே, உயிரணுக்கள் பற்றிக்கொள்ள ஒரு கொக்கி இயற்கையாகவே அமைந்திருக்கிறது. நம் மல்பெரிப் பட்டிலே அது இல்லை; அதற்கு வேறு வகையில் ஈடுகட்ட வேண்டும்.

மிகைப்படுத்தி மயங்க வேண்டாம். பட்டுச் சாரம் தனியாக நின்று உடம்பின் பாரத்தைத் தாங்காது. காலெலும்பு என்றால் எஃகுத் தகடோ கம்பியோ கூடவே வேண்டும்; பட்டோடு எலும்புத் தாதுவையும் கலக்க வேண்டும். குழியை நிரப்பும் பொருள்கள் மருத்துவமனைகளில் புழங்குகின்றன. ஆனால் குருத்தணுவும் சாரமும் சேர்த்து, போன எலும்பை வளர்த்துக் கொடுப்பது இன்னும் சோதனைக் கட்டத்தைத் தாண்டி அன்றாடச் சிகிச்சையாகவில்லை. சோதனையில் இருக்கிறது என்பதனால்தான் இப்போது பேசுகிறோம். முடிந்த பிறகு பேசினால், விலைச் சீட்டு ஒட்டியாகிவிட்டிருக்கும்!

நம் கேள்வி அந்த இடத்தில்தான் பிறக்கிறது. பட்டை நெய்தவன் பட்டு உடுத்தினானா? புவிசார் குறியீடு பெற்ற புடவை ஆரணிப் பட்டு. அந்தப் புடவை பல்லாயிரம் விலைபோகும் கடையின் கண்ணாடிக்கு வெளியே நிற்பவன், அதை நெய்தவன். கட்டியவர் யாரோ, கைதட்டல் பெற்றவர் யாரோ! குழியில் உட்கார்ந்து முதுகு வளைந்தது மட்டும் அவன் பங்கு. நாளை, அதே பட்டு எலும்பாகும்போதும் இதே கணக்கா? சீமான் மகன் மோட்டார் சைக்கிளில் விழுந்தால் பட்டெலும்பு, நெசவாளி மகன் விழுந்தால் ஊன்றுகோல் என்றா?

வேலூருக்குப் போகும் பேருந்திலே ஏறுங்கள். கண்ணமங்கலம் தாண்டினால் வழியில் அடுக்கம்பாறை. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. விபத்தில் சிக்கியவர்களை அள்ளிக்கொண்டு வருவது அங்கேதான். இன்னும் சற்று தூரம் போனால் பாகாயம். அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரியோடு இணைந்து, 2005-இல் ஒன்றிய அரசின் உயிர்த் தொழில்நுட்பத் துறை உதவியோடு அமைந்த குருத்தணு ஆராய்ச்சி மையம்! குருதி உறையாமல் கசிந்துகொண்டே இருக்கும் ஹீமோபிலியா நோய்க்கு, நோயாளியின் குருத்தணுக்களில் மரபணுவைச் சேர்த்துச் செலுத்தி, ஐந்து பேருக்கு இரத்தக் கசிவை நிறுத்திக் காட்டியது 2024-இல் வெளிவந்த வேலூர்ச் செய்தி. உலகமே திரும்பிப் பார்த்தது! எலும்பு கண்ணாடி போல நொறுங்கும் பிறவி நோய் உள்ள குழந்தைகளுக்குக் குருத்தணு செலுத்திப் பார்க்கும் சோதனையிலும், சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தாரோடு வேலூர் மருத்துவர்கள் கை கோத்தார்கள்.

ஒரே சாலை! ஒரு முனையில் எலும்பு உடைந்தவன் கிடக்கிறான். மறு முனையில் எலும்பை வளர்க்கக் கூடிய அறிவு இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே சில கல் தொலைவுதான். அந்தத் தொலைவைக் கடக்க வைப்பதுதான் அரசியல். வேறெதற்கு நாம் கொடி பிடித்தோம்?

முடியாது என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். 'இதெல்லாம் கோடீசுவரர் வைத்தியம், அரசாங்கத்தால் ஆகுமா?' என்பார்கள். அவர்களுக்குத் திருவனந்தபுரத்தையே காட்டுகிறோம். இதய வால்வு இறக்குமதியாகி வந்த காலத்திலே, அதே சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலியத்தான் தலைமையில் உட்கார்ந்து உழைத்தார்கள். செய்தார்கள், உடைந்தது, மறுபடி செய்தார்கள், மறுபடி தோற்றார்கள். சளைக்கவில்லை. 1990 டிசம்பர் 6-ஆம் நாள் அவர்களுடைய வால்வு முதன்முதலாக ஒரு நோயாளியின் இதயத்தில் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வைவிட மிகக் குறைந்த விலை. அதன்பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இதயங்களில் அது துடித்தது! பொதுப் பணத்தில் பிறந்த அறிவு பொதுமக்களுக்கு வந்த வரலாறு அது. இதயத்துக்கு ஆனது எலும்புக்கு ஆகாதா?

நம் மாநிலத்துக்கும் இந்தத் துறையில் கைப்பழக்கம் உண்டு. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் பிறந்தது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பாடம் படித்த நிறுவனம். ஏழைக்கும் உயிர் காக்கும் உயர் சிகிச்சை என்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009-இல் வந்தது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை என்று 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. உயிர் பிழைக்க 48 மணி. சரி, கால் பிழைக்க? எலும்பு கூடுவதற்கு 48 வாரமும் ஆகலாமே! அந்த வாரங்களில் அவன் வீட்டு உலையில் அரிசி போடுவது யார்?

ஆகவே கேட்கிறோம். வேலூர், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரிகள் இத்தகைய எலும்பு ஆராய்ச்சியில் பங்காளிகளாக வேண்டும். வெறும் பார்வையாளர்களாக அல்ல. பட்டுச் சாரமோ பீங்கான் சாரமோ, சோதனையில் தேறி ஒப்புதல் பெற்றது எதுவானாலும், அதை மொத்தமாக வாங்கி அரசு எலும்புப் பிரிவுகளில் வைக்க வேண்டும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பட்டுக்கூடு விளைகிறது. மருத்துவத்துக்கு ஏற்ற தரத்தில் கூடு வளர்க்கவும் இழை எடுக்கவும் அரசே முன்வந்து, அந்த வேலையிலே நெசவாளர், சாயத் தொழிலாளர் கூட்டுறவுகளுக்குப் பங்கு தர வேண்டும். பட்டை வேகவைக்கத் தெரிந்த கைகள் ஆரணியிலே இருக்கின்றன. அவற்றுக்கு வேலை இல்லாத நாளும் இருக்கிறது! எலும்பு முறிந்து கிடக்கும் கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு, கட்டுப் பிரிக்கும் நாள்வரை உதவித்தொகை வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பது நம் கருத்து. அதற்கு எந்த ஆராய்ச்சியும் முடியக் காத்திருக்க வேண்டியதில்லை.

தோழர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. குருத்தணு என்ற சொல் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததோ இல்லையோ, கடைத்தெருவுக்கு ஓடி வந்துவிட்டது! 'ஸ்டெம் செல் ஊசி ஒன்று போட்டால் தேய்ந்த மூட்டு வளரும், முறிந்த முதுகு நிமிரும்' என்று விளம்பரம். தாயத்து விற்றவன் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். நிலத்தை விற்று, தாலியை அடகு வைத்துப் பணம் கட்டுகிறவர்கள் நம்மவர்கள்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட நெறிமுறை என்ன சொல்லிற்று? இரத்த நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று போன்ற நிலைபெற்ற சிகிச்சை தவிர, குருத்தணுவைக் கொண்டு செய்வதெல்லாம் ஆராய்ச்சி. ஒப்புதல் பெற்ற சோதனையாகத்தான் நடத்த வேண்டும். சோதனைக்கு உட்படுகிறவரிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. அதன்பின் எந்தப் பொருளாவது சந்தைக்கு வரவேண்டுமானால், ஒன்றிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒப்புதல் அதற்கென்று தனியே வேண்டும்.

உங்கள் தெருவிலே யாரையாவது அப்படி அழைத்தால், கிளைக் கழகத் தோழர்கள் கூடவே போங்கள். நாட்டில் நடக்கும் மருத்துவச் சோதனை ஒவ்வொன்றுக்கும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் ஓர் எண் உண்டு; 2009 முதல் அது கட்டாயம். அந்த எண்ணைக் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் காட்டச் சொல்லுங்கள். சம்மதப் படிவம் தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், படித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைநாட்டோ. சிகிச்சை என்கிறார்களா, அந்த மருந்துக்கு ஒப்புதல் எண் என்ன, எந்த நோய்க்கு என்று எழுத்திலே வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் ஒரு காசும் கட்டாமல் நோயாளியைக் கூட்டிக்கொண்டு நேராக அடுக்கம்பாறைக்குப் போங்கள்.